நான் கை கழுவிய முதல் கேஸ்

1. கையை நீட்டு

முதல் நாள் எங்கள் பெயரை யாரும் கேட்கவில்லை. கையை நீட்டச் சொன்னார்கள்.

ஈப்போ டவுனில் ஓர் ஆஸ்பத்திரி. அதன் பின்பக்கத்தில் பலகை அடித்த நீளமான ஓர் அறை. அதுதான் எங்கள் காலேஜு. இன்றைக்கு நர்ஸ் வேலைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்குக் கட்டடம் இருக்கிறது, புத்தகம் இருக்கிறது, தங்குகிற இடம் இருக்கிறது. எங்களுக்கு ஓர் அறை, ஒரு கரும்பலகை, அதில் எழுதினால் வாசிக்கத் திணறுகிற ஒரு வரிசைப் பெண்கள். இருந்தாலும் நான் காலேஜுக்குப் போய்ப் படித்தவள் என்றுதான் சொல்லிக்கொள்வேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

இது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் நடந்தது. மலாய் நாட்டுப் பேராக்கில் உள்ள ரப்பர் தோட்டங்களிலிருந்து தோட்டத்துக்கு ஒருத்தியாக அனுப்பியிருந்தார்கள். மருத்துவச்சி வேலை பழகிக்கொண்டு அவரவர் தோட்டத்துக்கே திரும்பிப் போய்ப் பிரசவம் பார்க்க வேண்டும். தைப்பிங் பக்கத்திலிருந்து ஒருத்தி. சித்தியவான் பக்கத்திலிருந்து அன்னக்கிளி என்று ஒருத்தி; அவள்தான் எனக்குச் சிநேகிதி ஆனாள். செமோர் பக்கத்திலிருந்து நான், பாக்கியம்.

எங்களுக்குப் பாடம் நடத்தியவர் யாழ்ப்பாணத்துக்காரர். தங்கரத்தினம் என்று பெயர். நர்ஸம்மாவை இங்கே மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம், அதனால் அவர் தங்கரத்தினம் மிஸ்ஸி. அவருக்கு மேலே ஒரு வெள்ளைக்காரச் சிஸ்டர். சிஸ்டர் இங்கிலீஷில் சொல்வார், மிஸ்ஸி தமிழில் சொல்வார். மிஸ்ஸியின் தமிழ் எங்களுக்குப் பாதிதான் புரியும். எங்கள் தமிழ் அவருக்குப் பாதி புரியும். ரெண்டு பாதியும் சேர்ந்து ஒரு பாடம் ஆகும்.

வரிசையாகக் கையைப் பார்த்துக்கொண்டே வந்த மிஸ்ஸி என்னிடம் நின்றுவிட்டார். நான் பால்மரம் வெட்டுகிறவள், ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிறவள். மரத்துப் பால் விரலிடுக்கில் காய்ந்து கறுத்துப்போய், நகக்கண்ணெல்லாம் அடை அடையாக இருந்தது.

"என்ன பிள்ளை இது, தாரோ?" என்று கேட்டார்.

"இல்லீங்க. பாலு."

"பால் கறுப்போ?"

"மரத்துப் பாலுங்க."

மற்றவர்கள் சிரித்தார்கள். மிஸ்ஸி சிரிக்கவில்லை. கார்பாலிக் சோப்பும் ஒரு பிரஷும் எடுத்துக் கொடுத்து, அறைக்கு வெளியே இருந்த குழாயைக் காட்டினார். அன்றைக்கு முழுவதும் நான் படித்த பாடம் அதுதான். விரல் நுனி, நகக்கண், விரலிடுக்கு, உள்ளங்கை, புறங்கை, மணிக்கட்டு, முழங்கை வரைக்கும். சாயங்காலம் கை வெளுத்து, அப்போதுதான் பிறந்த பிள்ளை மாதிரி சுருங்கிப்போனது. அப்புறம்தான் என் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார்.

2. நான் போன காரணம்

எங்கள் தோட்டத்தில் அதுவரைக்கும் பிரசவம் என்றால் பக்கத்து வீட்டில் பெற்றுப் பழகிய பொம்பளைகள் யாராவது வந்து பார்ப்பார்கள். நல்லபடியாக ஆனால் சரி. ஆகாவிட்டால், பிள்ளை பிறந்த கொஞ்ச நாளில் தாய்க்குக் காய்ச்சல் வரும், குளிர் வரும், ஜன்னி கண்டு போய்விடுவாள். அந்த மாதிரி நான் வயசுக்கு வருவதற்குள் தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் பல பேர் போயிருக்கிறார்கள். அதை விதி என்று விட்டுவிடுவோம்.

ஒரு நாள் காலையில் பிரட்டு முடிந்து, அதாவது ஆள் கணக்கெடுத்து வேலை பிரித்துக் கொடுத்து முடிந்ததும், தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிரஸர் ஐயா வந்து நின்றார். எழுத்துத் தெரிந்த பொம்பளை யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டார். எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நான் ரெண்டாம் வகுப்பு வரைக்கும் போனவள். எழுத்துக் கூட்டி வாசிப்பேன், என் பெயரை எழுதுவேன். லயத்துப் பொம்பளைகளில் அதற்கே எனக்கு ஒரு மரியாதை உண்டு. எதற்கு என்று கேட்காமலே கையைத் தூக்கிவிட்டேன்.

விஷயம் தெரிந்த பிறகும் எனக்குப் பின்வாங்க மனசில்லை. என்னை யாராவது ஒரு நாளைக்கு மிஸ்ஸி என்று கூப்பிட வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. மறைத்துச் சொல்வானேன், ஆசைதான்.

என் வீட்டுக்காரர் புகைக்கூண்டில் ரப்பர் ஷீட்டுக் காய வைக்கிற வேலை. எங்களுக்கு அப்போது பிள்ளை இல்லை. அவரிடம் கேட்டதற்கு, "போயிட்டு வா. திரும்பி வந்து என்னைய அதிகாரம் பண்ணாத, அது போதும்" என்றார். போய்விட்டு வந்தேன். மற்றதை மட்டும் என்னால் காப்பாற்ற முடியவில்லை.

தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஒரு நிபந்தனை வைத்திருந்ததாக டிரஸர் ஐயா சொன்னார். பாஸ் பண்ணி வந்தால் தோட்டத்து மருத்துவச்சி வேலை எனக்கு. பாஸ் பண்ணாவிட்டால் பழையபடி பால் வெட்டுதான், அது மட்டுமில்லை, எங்கள் தோட்டத்திலிருந்து இன்னொருத்தியை அனுப்பப் போவதில்லை. நான் கோட்டை விட்டால் எங்கள் லயத்துப் பொம்பளைகளுக்கு வேறு ஆள் கிடையாது. அதைச் சொல்லித்தான் என்னை ரயில் ஏற்றினார்.

3. எலும்பும் பொம்மையும்

பாடம் படிக்க மேசையில் ஒரு இடுப்பெலும்பு வைத்திருந்தார்கள். நிஜமான எலும்பு. முதல் தடவை அதைத் தொடச் சொன்னபோது யாரும் தொடவில்லை. தைப்பிங்காரி, செத்தவள் ஆவி இதில் இருக்குமா என்று கேட்டாள். மிஸ்ஸி, "இருந்தால் நல்லது. பிழை விட்டால் அவவே உங்களுக்குச் சொல்லித் தருவா" என்றார். அவர் சொன்ன ஒரே வேடிக்கை எனக்குத் தெரிந்து அதுதான்.

கூடவே தோலில் தைத்த ஒரு பிள்ளைப் பொம்மை. வெள்ளைத் தோல். அன்னக்கிளி அதற்கு 'துரை மகன்' என்று பெயர் வைத்தாள். அந்த எலும்புக்குள் துரை மகனைத் தலைகீழாக விட்டு, எப்படித் தலை திரும்பும், எப்படித் தோள் வரும் என்று காட்டுவார்கள். அப்புறம் நாங்கள் ஒவ்வொருத்தியாகச் செய்து காட்ட வேண்டும். துரை மகன் என் கையில் ஒழுங்காகத் தலை முன்னால் பிறந்தான், அன்னக்கிளி கையில் எப்போதும் கால் முன்னால் வந்தான். "அவனுக்கு ஓடுறதுக்கு அவசரம்" என்பாள்.

எழுத்துச் சரளமாக வராததால் எல்லாவற்றையும் வாயால் சொல்லிச் சொல்லி மனசில் ஏற்றினோம். தர்மாமீட்டர் வாசிக்க மட்டும் எனக்கு எண் தெரிந்திருந்தது. நாடி பார்க்க, கத்தரிக்கோல், நூல் எல்லாம் கொதிக்க வைக்க, தொப்புள்கொடி கட்ட, பிள்ளைக்குக் கண்ணில் மருந்து விட, இப்படி ஒவ்வொன்றாகப் படித்தோம். படுக்கையில் விரிக்கிற ரப்பர் ஷீட்டைக் காட்டினபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் மரத்துப் பால் சீமைக்குப் போய் வழவழவென்று திரும்பி வந்திருக்கிறது.

ஆனால் எல்லாவற்றுக்கும் மேலே கை கழுவுகிற பாடம். அதை மிஸ்ஸி விடவே மாட்டார். பிள்ளை பெற்றவளுக்கு வருகிற காய்ச்சல் மருத்துவச்சியின் கையிலிருந்துதான் அனேகமாகப் போகிறது என்று அவர் சொன்ன அன்றைக்கு வகுப்பில் எல்லாரும் குனிந்து அவரவர் கையைப் பார்த்தோம். விதி என்று நினைத்திருந்தோம். ஒவ்வொருத்திக்கும் அவள் லயத்தில் போன ஒருத்தியின் முகம் ஞாபகம் வந்திருக்கும்.

கழுவின கைக்கு மூன்று சட்டம். ஒன்று, கழுவினபின் எதையும் தொடக்கூடாது. துணியால் துடைக்கவும் கூடாது. ரெண்டு, கையை மேலே தூக்கி, விரலை அகல விரித்து, காற்றில் காய விடவேண்டும். மூன்று, வாயைத் திறக்கக்கூடாது, பேசினால் எச்சில் தெறிக்கும்.

"கழுவின கை ஒண்டிலயும் படப்படாது. விளங்குதோ?" என்பார் மிஸ்ஸி.

கழுவினவுடனேதான் மூக்கு அரிக்கும். அது ஏன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. நான் கையைத் தூக்கிக்கொண்டு கண்ணால் ஜாடை காட்டுவேன், அன்னக்கிளி வந்து என் மூக்கைச் சொறிந்துவிடுவாள். கதவு மூடியிருந்தால் தாடையை நீட்டிக் காட்டுவோம், யாராவது திறந்துவிடுவார்கள். வகுப்புக்குள் அது எங்களுக்கு ஒரு பாஷையாகவே ஆகிப்போனது. வெளியே இருக்கிறவர்களுக்கு அந்தப் பாஷை தெரியாது என்று யோசிக்கத் தோன்றவில்லை.

4. காத்தாயி அத்தை

படிப்பு முடிகிற சமயத்தில் ஆளுக்கு ஒரு கேஸ் தனியாகப் பார்க்க வேண்டும். ஆஸ்பத்திரியில் இல்லை, லயத்து வீட்டில். மிஸ்ஸி பக்கத்தில் நிற்பார். நிற்கிறதோடு சரி. தாய்க்கோ பிள்ளைக்கோ ஆபத்து என்று அவருக்குத் தோன்றினால் கை வைப்பார். அவர் கை வைத்துவிட்டால் நமக்குப் பாஸ் கிடையாது.

எனக்கு எங்கள் தோட்டத்திலேயே கேஸ் அமைந்தது. மாரியாயி என்கிற பெண்ணுக்கு ரெண்டாவது பிரசவம். அவள் வீட்டுக்காரன் சின்னசாமி தோட்டத்து மாட்டு வண்டி ஓட்டுகிறவன். டிரஸர் ஐயா ஏற்பாடு பண்ணி, நாள் நெருங்கினதும் என்னையும் மிஸ்ஸியையும் செமோர் ஸ்டேஷனிலிருந்து சின்னசாமியின் வண்டியிலேயே கூட்டிப் போனார்கள். தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் பக்கத்து அறையில் தங்கினோம்.

மாரியாயிக்குச் சம்மதம். அவள் தாய் காத்தாயி அத்தைக்குத்தான் சம்மதம் இல்லை. உறவில் அத்தை இல்லை. லயத்தில் எல்லாரும் ஏதோ ஒரு முறை சொல்லித்தானே கூப்பிடுவோம். எனக்கு அவர் அத்தை. பேச்சில் கத்தி வைத்திருக்கிற மனுஷி.

"நேத்து வரைக்கும் எங்க கூட நின்னு பால் வெட்டுனவ. தான் ஒண்ணு பெத்துப் பாக்கல. பொம்மைக்குப் பிரசவம் பாத்துப் படிச்சிட்டு வந்திருக்காளாம்லா" என்று என் காதில் விழுகிற மாதிரியே சொன்னார். துரை மகன் விஷயம் எப்படித் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது என்று எனக்குத் தெரியாது.

படித்தவள் வாயாடக்கூடாது என்று நினைத்துக்கொண்டேன். வெள்ளைச் சேலை, வெள்ளை ஏப்ரன், கையில் பை. என் பாட்டுக்கு நடந்து போனேன். இப்போது நினைத்தால், அன்றைக்கே நின்று ரெண்டு வார்த்தை பேசியிருக்கலாம்.

5. கை கழுவியாச்சு

வலி கண்டது ஒரு காலை நேரம். வெட்டு முடிந்து ஆட்கள் பால் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்குப் போகிற சமயம். நாங்கள் போனபோது லயத்தின் முன்பக்கத் தாழ்வாரத்தில், அதைத்தான் இங்கே அஞ்சடி என்போம், காத்தாயி அத்தையும் அக்கம்பக்கத்துப் பொம்பளைகளும் உட்கார்ந்திருந்தார்கள். சின்னசாமி கொஞ்ச தூரத்தில் மரத்தடியில் நின்றுகொண்டிருந்தான்.

நான் உள்ளே போய் மாரியாயியைப் பார்த்தேன். எல்லாம் முறையாக இருந்தது. தலை கீழே, நாடி நன்றாக இருந்தது, வலியும் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. மிஸ்ஸியை அவள் பக்கத்தில் விட்டுவிட்டு நான் கை கழுவப் போனேன். மாரியாயி வீட்டில் இடம் இல்லாததால் தண்ணீர் கொதிக்க வைத்தது நாலு வீடு தள்ளி இருந்த ஒரு குசினியில். மாரியாயி வீட்டுக் கதவைச் சாத்தி வெளிக்கொக்கியை மாட்டிவிட்டுப் போனேன்.

விரல் நுனி, நகக்கண், விரலிடுக்கு என்று ஒவ்வொன்றாகத் தேய்த்தேன். லயத்து வீட்டுத் தடுப்புப் பலகை கூரை வரைக்கும் போகாது. ஒரு வீட்டில் இருமினால் கடைசி வீடு வரைக்கும் கேட்கும். மாரியாயி வீட்டுக்குள்ளிருந்து மிஸ்ஸி குரல் கொடுத்தார்.

"பாக்கியம், கை கழுவியாச்சோ?"

கை இன்னும் தண்ணீரில் இருக்கும்போதே நான் இங்கிருந்து, "கழுவியாச்சு மிஸ்ஸி" என்று சத்தமாகச் சொன்னேன்.

அஞ்சடியில் இருந்த பேச்சு நின்றுபோனது. நான் அதைக் கவனிக்கவில்லை. கையை மேலே தூக்கினேன், விரலை அகல விரித்தேன், வாயை மூடிக்கொண்டேன். அப்படியே அஞ்சடி வழியாக நடந்து மாரியாயி வீட்டுக் கதவுக்கு முன்னால் வந்து நின்றேன்.

காத்தாயி அத்தை எழுந்து வந்து என் முகத்தைப் பார்த்தார்.

"என்னம்மா? எப்பிடி இருக்கு?"

நான் பேசக்கூடாதே. கதவு மூடியிருக்கிறது. கொக்கி உயரத்தில் இருக்கிறது. வகுப்பில் செய்கிற மாதிரித் தாடையை நிமிர்த்திக் கொக்கியைக் காட்டினேன்.

இதைப் படிக்கிற நீங்களே யோசித்துப் பாருங்கள். வைத்தியம் பார்க்கிறவர் இனி ஒன்றும் பண்ண முடியாது என்றால் நாம் என்ன சொல்வோம்? கை கழுவிட்டார் என்போம். கையை விரிச்சிட்டார் என்போம். உள்ளேயிருந்து கழுவியாச்சா என்று ஒருத்தி கேட்கிறாள், கழுவியாச்சு என்று நான் சொல்கிறேன், ரெண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்து நிற்கிறேன், எப்படி இருக்கு என்று பெற்றவள் கேட்டால் ஒரு வார்த்தை பேசாமல் மேலே ஆகாசத்தைக் காட்டுகிறேன்.

காத்தாயி அத்தை நெஞ்சில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"அய்யோ, கைய விரிச்சிட்டாளே. எம்மகளக் கை கழுவிட்டாளே" என்று அவர் எடுத்த குரலுக்கு மற்றப் பொம்பளைகளும் சேர்ந்துகொண்டார்கள். ஒப்பாரி அஞ்சடி முழுக்கப் பரவியது. மரத்தடியில் நின்ற சின்னசாமி ஒன்றும் கேட்காமல் மாட்டுக் கொட்டகைப் பக்கம் ஓடினான்.

எனக்கு என்ன நடந்தது என்றே விளங்கவில்லை. கையைப் பார்த்தேன். அப்புறம்தான் விளங்கியது.

உள்ளே மாரியாயிக்குத் தாயின் ஒப்பாரி கேட்டுவிட்டது. தனக்குத்தான் அழுகிறார்கள் என்று தெரிந்துபோனது. அவள் உடம்பு விறைத்து, வந்துகொண்டிருந்த வலி நின்றுவிட்டது. எழுந்து உட்காரப் பார்த்திருக்கிறாள். மூத்த பிள்ளையின் பெயரைச் சொல்லி, அதை யாரிடம் விடுவது என்று அழ ஆரம்பித்துவிட்டாள். பிள்ளையின் தலை கீழே இறங்கி நிற்கிற நேரத்தில் தாய் இப்படி மிரளக்கூடாது.

மிஸ்ஸி உள்ளேயிருந்து கேட்டார். குரலை உயர்த்தவே இல்லை.

"பாக்கியம், நீர் வாறீரோ, இல்லாட்டி நான் கை வைக்கவோ?"

அவர் கை வைத்தால் என் படிப்பு அதோடு முடிந்தது. எங்கள் தோட்டத்துக்கு இன்னொருத்தியும் வரப்போவதில்லை. கொக்கியை நானே எடுத்துவிட்டு உள்ளே ஓடலாம் என்றால் கை அழுக்காகிவிடும், திரும்பக் கழுவ நேரம் இல்லை. ஓடிப் போனாலும் பிரயோசனம் இல்லை. வெளியே ஒப்பாரி நிற்காமல் உள்ளே வலி வராது.

சட்டத்தில் மூன்றாவதை விட்டேன். முகத்தைத் தோள்பட்டைப் பக்கம் திருப்பி, எச்சில் கையில் படாத மாதிரி வைத்துக்கொண்டு பேசினேன்.

"அத்தே, நிறுத்துங்க. யாரும் சாகல."

"கைய விரிச்சிட்டியேடி."

"காயறதுக்கு விரிச்சேன் அத்தே. ஈரம் காயறதுக்கு."

அவர் நம்பவில்லை. மற்றவர்கள் அழுகையை நிறுத்தவில்லை. நான் என்ன படித்தேன், கிருமி என்றால் என்ன என்றெல்லாம் அங்கே நின்று வகுப்பு நடத்த முடியுமா? எதிரே பார்த்தேன். அழுகிறவர்கள் எல்லாரும் கொஞ்ச நேரத்துக்கு முன்னால் வெட்டிவிட்டு வந்தவர்கள். சேலையில் பால்கறை கூடக் காயவில்லை. நானும் அவர்களோடு நின்று வெட்டினவள்தானே. அதைப் பேசினேன்.

"மங்கத் தொடைக்காமப் பால் எறக்குனா என்ன ஆவும்?"

மங்கு என்றால் மரத்தில் வடிகிற பாலைப் பிடிக்கிற பீங்கான் கிண்ணம். அழுக்கு மங்கில் பால் விழுந்தால் ஸ்டோருக்குப் போகும் முன்னே கெட்டியாகிவிடும்.

பின்னால் உட்கார்ந்திருந்த ஒருத்தி, அழுகையோடேயே, பழக்கதோஷத்தில் பதில் சொன்னாள்.

"கட்டிப்போவும்."

"கட்டுன பாலக் கங்காணி எடுப்பாரா?"

"மூஞ்சியிலயே ஊத்துவான்."

யாரோ ஒருத்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுதுகொண்டே சிரித்தாள்.

"இன்னிக்கு என் கைதான் அத்தே மங்கு. அதான் கழுவி வச்சிருக்கேன். இது விரிச்ச கை இல்ல, ஏந்துற கை. ஒங்க பேரப்பிள்ள வந்து விழப்போவுது. நான் எதையும் தொடக்கூடாது. நீங்க எழுந்து கதவத் தொறங்க."

காத்தாயி அத்தை முந்தானையால் மூக்கைத் துடைத்தார். என்னையும் பார்த்தார், கொக்கியையும் பார்த்தார்.

"அப்ப நீ தாடையக் காட்டுனது இந்தக் கொக்கியையா?"

"ஆமா அத்தே."

"வாயத் தொறந்து சொன்னா என்னடி கொறைஞ்சா போவ?" என்று சொல்லிக்கொண்டே கதவைத் திறந்தார்.

உள்ளே மாரியாயி பாதி எழுந்து உட்கார்ந்து, மிஸ்ஸியின் புடவையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மிஸ்ஸி ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அவர் இன்னும் கை வைக்கவில்லை என்று எனக்கு அதில் தெரிந்தது. நான் சொல்ல வேண்டியதை எல்லாம் காத்தாயி அத்தையே சொன்னார்.

"படுடி. ஒண்ணுமில்ல. நம்ம மங்கு கழுவுற மாதிரி அவ கை கழுவியிருக்கா. ஒம்புள்ளைக்குத்தான் கழுவியிருக்கா. படு."

மாரியாயி என் கையைப் பார்த்தாள். "எனக்குக் கை கழுவலையா?" என்று கேட்டாள். "ஒனக்காகக் கழுவுனேன்" என்றேன். அவள் படுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு ரொம்ப நேரம். அப்புறம் ஒரு வலி வந்தது, அடுத்தது வந்தது, எல்லாம் படித்தது படித்தபடி நடந்தது. தலை வந்து, திரும்பி, தோள் வந்தது. துரை மகனைவிடச் சுலபமாக வந்தது. பெண் பிள்ளை. கையில் விழுந்தவுடனே கத்தியது. வெளியே இருந்தவர்கள் பதிலுக்குக் குலவை போட்டார்கள்.

நான் தொப்புள்கொடி கட்டி, கண்ணுக்கு மருந்து விட்டு, பிள்ளையைத் துடைத்து எடுக்கிறபோது வெளியே வண்டிச் சத்தம். சின்னசாமி வண்டியில் வைக்கோல் பரப்பி, பாய் போட்டு, பெண்டாட்டியை ஈப்போவுக்கு ஏற்றிப் போக ஓட்டி வந்திருக்கிறான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. காத்தாயி அத்தை அஞ்சடியில் நின்று, "எதுக்குடா வண்டி? ஒம்மக நடந்தா போவப்போறா?" என்றார். அவன் வண்டியிலிருந்து இறங்காமல் அப்படியே உட்கார்ந்து அழுதான். மாடு ரெண்டும் பரப்பின வைக்கோலைத் திரும்பி இழுத்துத் தின்றுகொண்டிருந்தன.

6. பாஸ்

அடுத்த சில நாள் தாயையும் பிள்ளையையும் பார்த்துவிட்டு, காய்ச்சல் இல்லை என்று தெரிந்தபின் அதே வண்டியில் ஸ்டேஷனுக்குப் புறப்பட்டோம். நான் செய்ததை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துக்கொண்டே வந்தேன். கழுவின கையோடு வாயைத் திறந்தேன், கேஸை உள்ளே விட்டுவிட்டு வெளியே நின்று மங்கு, கங்காணி என்று கதை பேசினேன். சட்டப்படி பார்த்தால் நான் செய்தது சரியில்லை. செமோர் கடைகள் தெரிகிற இடத்துக்கு வந்தபிறகு அவர் வாயைத் திறந்தார்.

"வெளியில நிண்டு கனக்கக் கதைச்சீர்."

"ஆமாங்க மிஸ்ஸி."

"முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் கதைச்சீர். பலகை இடுக்காலை கண்டனான்."

எனக்கு அது பாதி பாஸ் மாதிரி இருந்தது.

மீதிப் பாதி வாய்ப் பரீட்சையில். ஒரு டாக்டரும் சிஸ்டரும் மேசைக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்து கேட்பார்கள், மிஸ்ஸி மொழிபெயர்ப்பார். எலும்பைக் காட்டிக் கேட்டார்கள், சொன்னேன். காய்ச்சலைக் கேட்டார்கள், சொன்னேன். கடைசியாகச் சிஸ்டர், கேஸுக்குக் கை கழுவுவதற்கு முன்னால் என்னென்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். நகம் வெட்ட வேண்டும், வளையல் மோதிரம் கழற்ற வேண்டும், தண்ணீர் கொதித்திருக்க வேண்டும். இதுதான் பாடத்தில் உள்ளது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டு இன்னொன்றும் சேர்த்தேன்.

"வீட்டு ஆளுங்ககிட்டச் சொல்லணுங்க. கை கழுவப் போறேன், அப்புறம் பேசமாட்டேன், கைய விரிச்சு வச்சிருப்பேன், பயப்படாதீங்கன்னு."

மிஸ்ஸி இதை இங்கிலீஷில் சொல்ல ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். கை கழுவுகிறதுக்கும் கை விரிக்கிறதுக்கும் தமிழில் என்ன அர்த்தம் என்று விளக்கினார் போலிருக்கிறது. தாடையை நிமிர்த்திக்கூடக் காட்டினார். டாக்டர் சிரித்தார். சிஸ்டரும் சிரித்துவிட்டு, அப்புறம் சிரிப்பை நிறுத்தி, மிஸ்ஸியிடம் ஏதோ நீளமாகக் கேட்டார். இவ்வளவு நாளும் நாம் லயத்துக்குப் போனபோதெல்லாம் அவர்கள் அழுதது இதற்குத்தானா என்று கேட்டாராம். இருக்கலாம் என்றாராம் மிஸ்ஸி. சிஸ்டருக்கு மலாயில் கொஞ்சம் வார்த்தை தெரியும். என்னைப் பார்த்து, "பகுஸ்" என்றார். நல்லது என்று அர்த்தம்.

பாஸ் ஆனேன். அன்னக்கிளியும் பாஸ் ஆனாள். அவளுடைய கேஸில் பிள்ளை தலை முன்னால்தான் வந்தது. நான் எங்கள் தோட்டத்துக்குத் திரும்பி வந்து, கிழவி ஆகி ஓய்வு எடுக்கிற வரைக்கும் அங்கேயும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் வேலை பார்த்தேன். முதலில் என்னை மிஸ்ஸி என்று கூப்பிட்டது காத்தாயி அத்தைதான். சண்டை போடுகிற குரலில்தான் கூப்பிட்டார், ஆனாலும் கூப்பிட்டார்.

7. கைத்தண்ணீர்

படிக்கிற பிள்ளைகள், என்ன கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்கிறார்கள். இதுதான் கற்றுக்கொண்டேன். நாம் செய்கிற காரியம் நமக்கு ஒன்றாகத் தெரியும், பார்க்கிற சனத்துக்கு வேறொன்றாகத் தெரியும். வேலையைச் சுத்தமாகச் செய்தால் மட்டும் போதாது. தொடுவதற்கு முன்னால் சொல்லுங்கள். ஊசி எடுப்பதற்கு முன்னால் சொல்லுங்கள். பேசக்கூடாத நேரம் வரும் என்றால் அதற்கு முந்தியே பேசிவிடுங்கள்.

அதற்காக நானே ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். பாத்திரத்தில் கையை முக்கிக் கழுவுவதை விட்டேன். கொதித்து ஆறின தண்ணீரைக் கொதிக்க வைத்த செம்பில் எடுத்து, வலி கண்டவளின் தாயையே என் கையில் ஊற்றச் சொன்னேன். ஊற்றிக்கொண்டே இருப்பார்கள், நான் தேய்த்துக்கொண்டே எதற்கு என்று சொல்வேன். பிறகு கையைத் தூக்கினால் யாரும் அழ மாட்டார்கள். ஊற்றினவரே ஓடிப்போய்க் கதவையும் திறந்து வைப்பார். தங்கரத்தினம் மிஸ்ஸியிடம் ஒரு தடவை ஈப்போவில் இதைச் சொன்னேன். தண்ணீர் கொதித்ததுதானே என்று மட்டும் கேட்டார். அடுத்த வகுப்புப் பெண்களுக்கும் அப்படியே சொல்லிக் கொடுத்தார் என்று பின்னால் தெரிந்தது.

கொஞ்ச வருஷத்தில் எங்கள் பக்கத்தில் அது ஒரு சடங்கு மாதிரியே ஆகிவிட்டது. கைத்தண்ணி ஊற்றுவது என்று பெயரும் வந்துவிட்டது. என் பேரனுக்கு நான்தான் கைத்தண்ணி ஊத்தினேன் என்று பொம்பளைகள் பெருமை பேசிக்கொள்வார்கள். நான் படித்துவிட்டு வந்த சட்டங்களில் ஒன்று அவர்களுடையதாகப் போய்விட்டது, எனக்கு அதில் சந்தோஷம்தான்.

ஒரு வீட்டில் பெண்ணைப் பெற்றவளும் மாமியாரும் ஒரே செம்பைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று நின்றார்கள். முதல் பேரப்பிள்ளை. உள்ளே பெண் கத்துகிறாள், நான் முழங்கை வரைக்கும் சோப்போடு நிற்கிறேன். ஆளுக்கு ஒரு கைக்கு ஊற்றுங்கள் என்று தீர்ப்புச் சொன்னேன். பெண்ணைப் பெற்றவள் முந்திக்கொண்டு வலது கைக்கு ஊற்றிவிட்டாள்.

மாமியார் செம்பை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஏம் மிஸ்ஸி, மாப்பிள்ள வீட்டுக்கு எடது கையா?"

வாயைத் திறக்காமல் ரெண்டு கையையும் அவரிடம் நீட்டினேன். அவர் ரெண்டுக்கும் ஊற்றினார். அதைப் பார்த்த சம்பந்தியம்மாள் செம்பைத் திரும்ப வாங்கி, தன் பங்குக்கு இன்னொரு தடவை ரெண்டுக்கும் ஊற்றினாள். அவ்வளவு சுத்தமான கையோடு நான் வேறு எந்தக் கேஸும் பார்த்ததில்லை.